பதினேழால் வகுபடும் கதவு

பத்தொன்பது மணி நேரமாகப் புள்ளி ஒரு விஷயத்தை வாய்க்குள்ளேயே வைத்திருந்தாள். அது யாருக்கும் தெரியவில்லை. தெரிய வழியும் இல்லை. சாதாரண நாளிலேயே அவள் வாயிலிருந்து ஒரு சொல் வருவதற்குள் எதிரில் இருப்பவர் டீயைக் குடித்து முடித்து டம்ளரையும் கழுவி வைத்துவிடலாம்.

அவள் வேலை பார்ப்பது ஓர் எழுத்துப் பட்டறையில். எஃகுத் தகட்டில் எழுத்தும் எண்ணும் வெட்டி, பாலிஷ் போட்டு, கடை முகப்பிலும் வீட்டு வாசலிலும் மாட்டிக் கொடுக்கும் இடம். முதலாளி ஒரு பெண்மணி, எல்லோருக்கும் அக்கா. வெட்டியதைக் கொண்டுபோய்ச் சுவரில் மாட்டுகிறவன் ஏணி. ஆறடி இரண்டங்குல உயரம், அது போதாதென்று தோளில் எந்நேரமும் ஓர் ஏணி. வேறு என்ன பேர் வைப்பது? வெட்டும் முன்பும் மாட்டிய பின்பும் எல்லாவற்றையும் சரிபார்ப்பது புள்ளி. அறிவியல் பட்டதாரி, இருபத்து மூன்று வயது, நாலடி பத்தங்குலம். அவளுக்கு அந்தப் பேரை வைத்தவனே ஏணிதான்.

"சின்னதா இருக்கும், சத்தம் போடாது, ஆனா விட்டுட்டா மொத்தமும் தப்பாயிடும்" என்று அவன் விளக்கம் சொன்ன நாளிலிருந்து, அவளுடைய நிஜப் பேர் அவளுக்கே சப்பென்று ஆகிவிட்டது.

விஷயத்துக்கு வருவோம். பட்டறைக்கு ஆர்டர் கொடுத்தவர்கள் இரண்டு கணக்கு டீச்சர்கள். ஒரே முகம், ஒரே மூக்குக் கண்ணாடி, இரட்டைப் பிறவிகள். ஆறு நிமிஷம் முந்திப் பிறந்தவள் முன்னவள், மற்றவள் பின்னவள். தெருக்கோடியில் அடுத்தடுத்த இரண்டு அறைகளைப் பிடித்து டியூஷன் ஆரம்பிக்கிறார்கள். அறைகளுக்குப் பேர் வேண்டாம், எண் போதும் என்று சொல்லிவிட்டார்கள். முன்னவளின் கதவுக்கு 999959. பின்னவளின் கதவுக்கு 999961.

இரண்டும் பகா எண்கள். ஒன்றாலும் தன்னாலும் அல்லாமல் வேறு எதனாலும் மீதியில்லாமல் வகுபடாத பிடிவாதக்காரர்கள். அதிலும் இரண்டுக்கும் வித்தியாசம் வெறும் இரண்டு. இப்படி ஒட்டிக்கொண்டு வரும் ஜோடிக்கு இரட்டைப் பகா எண்கள் என்று பேர். எண்கள் பெரிதாகப் பெரிதாக இந்த ஜோடிகள் அருகிக்கொண்டே போகும். பத்து லட்சத்துக்குக் கீழே வரும் கடைசி ஜோடி இவைதான்.

"எங்களுக்கு நடுவுல ஒரே ஒரு எண். 999960. அதுதான் இந்த நடுச்சுவர்" என்று ஆர்டர் கொடுத்த அன்று முன்னவள் சொன்னாள்.

"சுவரை ஆறால வகுக்கலாம், அஞ்சால வகுக்கலாம், பதிமூணால கூட வகுக்கலாம். எங்களை ஒண்ணும் பண்ண முடியாது" என்றாள் பின்னவள்.

இருவரும் ஒரே சமயத்தில் ஒரே மாதிரி சிரித்தார்கள். புள்ளிக்கு அவர்களோடேயே கிளம்பிப் போய்விடலாம் போலிருந்தது.

நேற்று மதியம் ஏணி மாட்டி முடித்தான். மூன்று மணிக்குப் புள்ளி போய்ச் சரிபார்த்தாள். முதல் கதவு கச்சிதம். இரண்டாவது கதவின் மேலே 999991.

ஆறு தலைகீழாக இருந்தது. பட்டறையில் ஆறுக்கும் ஒன்பதுக்கும் ஒரே வெட்டுதான். இப்படி வைத்தால் அது, அப்படி வைத்தால் இது. ஒவ்வோர் இலக்கத்துக்கும் புள்ளி தனித்தனியாக ஒரு தாள் அச்சடித்துத் தருவாள். அதைச் சுவரில் ஒட்டி, தாளின் மேலேயே துளை போட்டு, இலக்கத்தின் முதுகில் இருக்கும் மூன்று ஆணிகளையும் பசை தடவி உள்ளே செருகுவான் ஏணி. நாலு ஒன்பதை வரிசையாக மாட்டிய கை, அந்த வேகத்திலேயே அடுத்ததையும் ஒன்பதாக்கிவிட்டிருந்தது. நூல் பிடித்த மாதிரி நேர்த்தி. தப்பு இவ்வளவு லட்சணமாக இருந்து அவள் பார்த்ததில்லை.

அப்போது பதறியிருக்க வேண்டும். அதற்குள் மூளை தன் வேலையைக் காட்டிவிட்டது. 999991. பத்து லட்சத்துக்கு ஒன்பது குறைச்சல். பத்து லட்சம் ஆயிரத்தின் வர்க்கம், ஒன்பது மூன்றின் வர்க்கம். வர்க்கத்திலிருந்து வர்க்கத்தைக் கழித்தால் கூட்டல் ஒரு பக்கம், கழித்தல் ஒரு பக்கம் என்று அழகாகப் பிளந்துகொள்ளும். பள்ளிக்கூடத்தில் எல்லோரும் போட்ட கணக்குதான். ஆயிரத்து மூன்று பெருக்கல் தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றேழு. ஆயிரத்து மூன்றோ பதினேழு பெருக்கல் ஐம்பத்தொன்பது. ஆக 17, 59, 997. மூன்று துண்டு! யாராலும் உடைக்க முடியாத எண்ணை, கையில் ஒரு சுத்தியல்கூட இல்லாமல், ஏணி மூன்றாக உடைத்துச் சுவரில் மாட்டியிருந்தான்.

நடுத்தெருவில் நின்று அவள் சிரித்தாள். சத்தமில்லாத சிரிப்பு, தோள் மட்டும் குலுங்கியது. சைக்கிளில் போன ஒருவர் அழுகிறாளோ என்று நிறுத்திப் பார்த்துவிட்டு, இல்லை என்று தெரிந்ததும் கோபமாகப் பெடலை மிதித்துக்கொண்டு போனார். சிரிப்பு அடங்கும்போது விக்கல் பிடித்துக்கொண்டது.

ஏணி வண்டியில் சாமான்களை ஏற்றிக்கொண்டிருந்தான். "என்ன புள்ளி, தனியா சிரிக்கிறே? எனக்கும் சொல்லேன்."

அவள் தலையை ஆட்டினாள். விக்.

"சரி, வேலை எப்படி? ஓகேவா?"

ஓகே இல்லை என்று சொல்லத்தான் வாயைத் திறந்தாள். விக்கல்தான் வந்தது. அவன் முகத்தில் அவ்வளவு எதிர்பார்ப்பு. கட்டைவிரல் தானாகவே மேலே போய்விட்டது.

"அப்படிப் போடு!" என்று அவன் ஒரு தாவு தாவி வண்டியில் ஏறினான்.

போன வாரம் ஒரு பல் மருத்துவமனையில் கழிப்பறை அம்புக்குறியை அவன் எதிர்ப்பக்கமாக மாட்டிவிட்டான். ஒரு நாள் முழுக்க, அவசரத்தில் வந்தவர்களெல்லாம் டாக்டரின் அறைக்குள் புகுந்து பெல்ட்டில் கை வைத்தபடி நின்றார்கள். அந்த ஃபோனுக்குப் பதில் சொல்லிச் சொல்லி அக்காவுக்குக் காது சிவந்துவிட்டது. "இன்னொரு தடவை எதையாவது தலைகீழா மாட்டினே, அன்னிக்கே வேற இடம் பார்த்துக்கோ. நான் சும்மா சொல்லல" என்றாள். அக்கா எதையும் சும்மா சொல்கிறவள் இல்லை.

ஏணியிடம் மட்டும் காதோடு காதாகச் சொல்லலாமா? அவனிடம் சொல்வதும் ஒலிபெருக்கியில் சொல்வதும் ஒன்றுதான். அக்காவுக்குத் தெரியாமல் அவளுடைய பிறந்த நாளைக் கொண்டாட வேண்டும் என்று எல்லோரும் முடிவு செய்த அன்று, எந்த கேக் வாங்கட்டும் என்று அக்காவிடமே போய்க் கேட்டவன் அவன். சத்தமில்லாமல் கழற்றித் திருப்பி மாட்டலாம் என்றால் பசை இறுகிவிட்டது. சுவரைப் பெயர்த்தால்தான் ஆறு வரும்.

இதைக்கூடப் பல்லைக் கடித்துக்கொண்டு சொல்லிவிடலாம். இதற்கு அடியில் இன்னொன்று கிடந்தது. அந்த ஆறு ஏன் தலைகீழானது என்பது. அது புள்ளி ஒருத்திக்குத்தான் தெரியும். ஏணிக்கே தெரியாது. முதல் விஷயம் வெளியே வந்தால் அந்த இரண்டாவதையும் அவள் சொல்லியாக வேண்டும், சொல்லாவிட்டால் ஏணி போய்விடுவான். அதை யாரிடம் சொல்ல வேண்டும் என்று நினைத்தாலே அவளுக்கு நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது.

ராத்திரி தூங்கிவிட்டாள். காலையில் தட்டில் வைத்த ரொட்டியை அவள் பதினேழு துண்டாகக் கிழித்து வைத்திருப்பதை அம்மா கவனித்தாள்.

"என்னடி இது? பறவைக்குப் போடப் போறியா?"

"பதினேழு" என்றாள் புள்ளி. சொன்னதும் சிரிப்பு பீறிட்டது.

அம்மா தையல் மெஷினிலிருந்து காலை எடுத்தாள். "பதினேழா? யாருடி அவன்? உன்னைவிட ஆறு வயசு சின்னவனா?"

புள்ளி மேஜையின் மேல் கவிழ்ந்து சிரித்தாள். "சிரிச்சே மழுப்பு. பதினேழு வயசுல அவனுக்கு மீசையாவது முளைச்சிருக்கா?" என்று அம்மா கேட்டது வாசல் தாண்டும் வரை காதில் விழுந்தது.

தெருக்கோடியில் காலையிலேயே கூட்டம். இரண்டு கதவுகளுக்கும் சேர்த்து ஒரே ரிப்பன் கட்டியிருந்தார்கள். உள்ளே புதுப் பெயின்ட் வாசனை. பெஞ்சுகள் மேல் போர்த்திய பிளாஸ்டிக்கைக்கூட இன்னும் பிரிக்கவில்லை. நடுவில் ஒரு மேஜை, அதன் மேல் ஒரு பெரிய கேக். சேர வந்த பிள்ளைகள் இருபது பேர் கேக்கை வட்டமிட்டுக்கொண்டிருந்தார்கள். அக்கா நல்ல புடவை கட்டி வந்திருந்தாள். ஏணி தலைவாரியிருந்தான். அது பட்டறை வரலாற்றில் முதல் தடவை.

"புள்ளி, பாரு பாரு" என்று அவளைத் தோளால் இடித்தான். "எல்லாரும் மேலேயேதான் பார்க்கிறாங்க. நான் மாட்டினதைத்தான்."

எல்லோரும் மேலேயேதான் பார்த்தார்கள். முன்னவளும் பார்த்தாள், பின்னவளும் பார்த்தாள், பெருமையாகக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடியும் பார்த்தார்கள். மனப்பாடமான எண்ணை யார் எழுத்துக் கூட்டிப் படிப்பார்கள்? அவர்கள் கண்ணுக்கு 999961 என்றே தெரிந்தது. அவர்களைச் சொல்லிக் குற்றமில்லை, தன் பேரைத் தானே தப்பாக எழுதினால் யாருக்குத்தான் கண்ணில் படுகிறது?

முன்னவள் பேச ஆரம்பித்தாள். "இந்த ரெண்டு எண்ணையும் எப்படி வேணா தட்டிப் பாருங்க, உடையாது. நானும் தங்கச்சியும் அப்படித்தான்."

"பெரிசு, நேத்து நீ என் சீப்பை உடைச்சியே" என்றாள் பின்னவள்.

"சீப்பு பகு எண்."

எல்லோரும் சிரித்தார்கள். புள்ளி சிரிக்கவில்லை. சிரிக்க ஆரம்பித்தால் நிறுத்த முடியாது என்று அவளுக்குத் தெரியும்.

அத்தோடு விட்டிருந்தால் ரிப்பனை வெட்டி, கேக்கையும் வெட்டி, வீட்டுக்குப் போயிருப்பார்கள். ஏணிக்கு நாக்கு நிற்கவில்லை. ஏணி மேல் இரண்டு படி ஏறி நின்றுகொண்டு, பிள்ளைகளைப் பார்த்துக் கையைத் தூக்கினான்.

"டேய் பசங்களா! நான் மாட்டின எண்ணை ஒருத்தராலயும் வகுக்க முடியாது. முடிஞ்சா வகுத்துக் காட்டுங்க, நான் இந்த வேலையையே விட்டுடறேன்!"

புள்ளி திரும்பி அக்காவைப் பார்த்தாள்.

"சபாஷ்!" என்று பின்னவள் கைதட்டினாள். "வகுக்கிறவங்களுக்கு முழு கேக்கும். என் கதவு எண்ணை எழுதிக்கோங்க. பார்த்து எழுதுங்க, தப்பா எழுதாதீங்க!"

முழு கேக் என்ற சொல் காதில் விழுந்ததும் இருபது பிள்ளைகளும் தலைகால் புரியாமல் ஓடினார்கள். பலகை, சுவர், தரை என்று கிடைத்த இடத்தில் சாக்கட்டியால் எழுதினார்கள். மேலே பார்த்து, ஒவ்வொன்றாக, மிகச் சரியாக எழுதினார்கள். ஒன்பது, ஒன்பது, ஒன்பது, ஒன்பது, ஒன்பது, ஒன்று.

"ரெண்டால போகாது!"

"அது ஒத்தைப்படைடா, தெரியாதா?"

"எல்லாத்தையும் கூட்டினா நாப்பத்தாறு. மூணாலயும் போகாது!"

"அஞ்சு? அஞ்சு?"

"கடைசி ஒண்ணு, எப்படிப் போகும்? உன் தலை."

முன்பல் இரண்டும் விழுந்த ஒரு சிறுமி மட்டும் சத்தமில்லாமல், வாசற்படியில் குந்தி, வரிசைக்கிரமமாக வகுத்துக்கொண்டே வந்தாள். ஏழால் வகுத்தாள், மீதி ஆறு. பதினொன்றால் வகுத்தாள், மீதி மூன்று. கேக்கைத் திரும்பிப் பார்க்கவே இல்லை. கேக்குக்காக வகுக்கிற பிள்ளை எங்காவது தப்பு செய்யும். வகுப்பதற்காகவே வகுக்கிற பிள்ளை தப்பு செய்யாது. புள்ளிக்கு அது தெரியும், அவளும் அப்படிப்பட்ட பிள்ளையாக இருந்தவள்தான்.

"பதிமூணால வகுத்தா மீதி அஞ்சு" என்றாள் பல்லில்லாதவள்.

அந்தப் பக்கம் போய்க்கொண்டிருந்த முன்னவள் சட்டென்று நின்றாள். "அஞ்சா? ஒண்ணுல்ல வரணும்? சுவர் பதிமூணால சரியா வகுபடும். சுவரை அடுத்தது இந்தக் கதவு. அப்போ மீதி ஒண்ணு. மறுபடி போடும்மா."

சிறுமி அழித்துவிட்டு மறுபடி போட்டாள். "அஞ்சுதான் டீச்சர்."

"எங்கியோ கடன் வாங்க மறந்திருப்பே" என்று முன்னவள் குனிந்தாள். அந்த நேரம் பார்த்துப் பின்னவள் "பெரிசு, கத்திரிக்கோல் எங்கே?" என்று கூப்பிட்டாள். முன்னவள் போய்விட்டாள். புள்ளிக்குப் போன உயிர் திரும்பி வந்தது. வந்த உயிர் நிமிஷத்தில் மறுபடி கிளம்பியது, சிறுமி சாக்கட்டியால் பெரிதாக ஒரு ஒன்றும் ஏழும் எழுதினாள்.

புள்ளி அவள் பக்கத்தில் போய்க் குந்தினாள். தொண்டையைச் செருமினாள்.

"பத்தொன்பது போட்டுப் பாரேன்" என்றாள்.

சிறுமி நிமிர்ந்து பார்த்தாள். "பதினேழு விட்டுட்டீங்களே அக்கா."

"அது... அப்புறம் போட்டுக்கலாம்."

"வரிசையாத்தான் போடணும்."

"கேக் வேணுமா? நான் தனியா வாங்கித் தரேன். இதைவிடப் பெரிசு."

"எனக்கு கேக் பிடிக்காது" என்றாள் அந்தப் பிள்ளை, இரக்கமே இல்லாமல். பிறகு வகுக்கத் தொடங்கினாள்.

பதினேழு ஐந்து எண்பத்தைந்து. புள்ளி மேலே பார்த்தாள், ஏணி இரண்டு படி மேலே நின்று யாருக்கோ சாய்வு பார்க்கும் ரசமட்டத்தின் மகிமையை விளக்கிக்கொண்டிருந்தான். பதினேழு எட்டு நூற்று முப்பத்தாறு. அக்கா வந்தவர்களுக்குப் பட்டறையின் விலாசச் சீட்டைக் கொடுத்துக்கொண்டிருந்தாள். பதினேழு எட்டு, மறுபடியும். புள்ளிக்குச் சிரிப்பு வந்தது, அழுகையும் வந்தது, இரண்டும் மூக்கில் வந்து முட்டிக்கொண்டன. பதினேழு இரண்டு முப்பத்து நாலு. பதினேழு மூன்று ஐம்பத்தொன்று. ஐம்பத்தொன்றில் ஐம்பத்தொன்று போனால்...

சாக்கட்டி நின்றது.

சிறுமி தன் கணக்கைப் பார்த்தாள். புள்ளியைப் பார்த்தாள். "அக்கா, உங்களுக்கு முன்னாடியே தெரியும்" என்றாள். பிறகு எழுந்து, நுரையீரலில் இருந்த மொத்தக் காற்றையும் கூட்டிக் கத்தினாள். "போயிடுச்சூ! பதினேழால போயிடுச்சூ!"

பல்லில்லாத வாயிலிருந்து அது விசில் மாதிரி தெரு முழுக்கப் போனது.

இரட்டையர் இரண்டு பேரும் ஒரே சமயத்தில் ஓடி வந்தார்கள். ஒரே சமயத்தில் குனிந்தார்கள். இரண்டு தலையும் மோதின. "58823" என்று படித்தாள் முன்னவள். கணக்கு சரியாக இருந்தது. நிமிர்ந்து கதவின் மேலே பார்த்தாள். பார்த்தபடியே நின்றாள். பின்னவளும் நிமிர்ந்தாள்.

"சின்னது" என்றாள் முன்னவள் மெல்ல. "உன் ஆறைக் காணோம்."

பின்னவள் வாயைப் பொத்திக்கொண்டாள். அழப்போகிறாள் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். விரல் இடுக்கு வழியாக வெளியே வந்தது சிரிப்பு. "பத்து லட்சத்துல ஒன்பது கம்மி! ஐயையோ, பெரிசு, ஆயிரத்து மூணு, தொள்ளாயிரத்துத் தொண்ணூத்தேழு! நான் ரெண்டா உடைஞ்சுட்டேன்!"

"ரெண்டு இல்லடி, மூணு! ஆயிரத்து மூணும் உடையும்!"

"நமக்குள்ள ரெண்டுதான் வித்தியாசம் இருந்துச்சு. இப்போ முப்பத்திரண்டு! நான் உனக்குத் தூரத்துச் சொந்தம் ஆயிட்டேன்!"

இருவரும் ஒருவரை ஒருவர் பிடித்துக்கொண்டு சுவரில் சாய்ந்து சிரித்தார்கள். விஷயம் புரியாத பிள்ளைகளும் சேர்ந்து சிரித்தார்கள். புரிந்த பிள்ளைகள் கேக்கை நோக்கிப் பாய்ந்தார்கள். ரிப்பனை யாரும் வெட்டவில்லை, யார் காலிலோ சிக்கித் தானாக அறுந்தது. பத்தொன்பது மணி நேரம் அடக்கி வைத்த மீதிச் சிரிப்பு புள்ளியிடமிருந்து விக்கலும் தும்மலுமாக வெளியே வந்தது. அவளால் நிற்க முடியவில்லை, வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். கண்ணில் நீர் கொட்டியது. இப்படி ஒரு காலையை அவள் வாழ்நாளில் பார்த்ததில்லை.

அக்கா சிரிக்கவில்லை.

விலாசச் சீட்டுகளைக் கைப்பைக்குள் போட்டு ஜிப்பை இழுத்தாள். ஏணியின் கீழே வந்து நின்றாள். குரலை உயர்த்தவில்லை, உயர்த்தியிருந்தால் பரவாயில்லை என்று இருந்தது.

"இறங்கு."

அவன் இறங்கினான். முகத்தில் ரத்தமில்லை. "அக்கா, நான் ரசமட்டம் வெச்சு..."

"நேராத்தான் இருக்கு. தலைகீழா நேரா இருக்கு. ஏணியை வண்டியில ஏத்து. பட்டறையில கொண்டுபோய் விட்டுட்டு, சாவியை மேஜை மேல வெச்சுட்டுப் போ."

"டீச்சர், சொல்லுங்களேன்" என்று அவன் இரட்டையரைப் பார்த்தான்.

"ஐயோ, விடுங்க மேடம், எங்களுக்கு ஒண்ணும் வருத்தமில்ல" என்று முன்னவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு வந்தாள். "இன்னிக்கு இந்தப் பிள்ளைங்க கத்துக்கிட்டது ஒரு வருஷத்துக்குப் போதும்."

"உங்க பெருந்தன்மை அது டீச்சர். எனக்கு ஒரு பேச்சு இருக்கு. சொல்லிட்டேன், சொன்னதுதான். அவனேதான் ஊரைக் கூட்டிப் பந்தயமும் கட்டினான்."

"எப்படித் திரும்புச்சுன்னு எனக்கே தெரியலக்கா" என்றான் ஏணி. "தாளைப் பார்த்துத்தான் ஒட்டினேன்." ஏணியைத் தூக்கித் தோளில் வைத்தான். அது எப்போதையும்விடக் கனமாகத் தெரிந்தது.

அவன் வண்டியைப் பார்த்து நாலு எட்டு வைத்தான். புள்ளியின் சிரிப்பு எங்கே போனது என்று தெரியவில்லை. வாசற்படியிலிருந்து எழுந்தாள். அக்காவுக்கும் ஏணிக்கும் நடுவில் போய் நின்றாள்.

"அக்கா" என்றாள்.

அவ்வளவு சத்தமாக அவள் பேசி யாரும் கேட்டதில்லை. கேக் கிரீம் பூசிய இருபது முகங்கள் திரும்பின. இரட்டையர் சிரிப்பை நிறுத்தினார்கள். ஏணி தோளில் ஏணியோடு அப்படியே திரும்பினான், அதன் மறுமுனை ஒரு விருந்தாளியின் தொப்பியைத் தட்டிவிட்டது.

"என்ன?" என்றாள் அக்கா.

"எனக்கு நேத்து மூணு மணிக்கே தெரியும். பதினேழால போகும்னு. சொல்லல."

"ஏன் சொல்லல?"

"சொன்னா இன்னொண்ணும் சொல்லணும்."

"என்ன இன்னொண்ணு? வாய்ல என்ன கொழுக்கட்டையா? சீக்கிரம் சொல்லும்மா."

புள்ளி மூச்சை உள்ளே இழுத்தாள். வெளியே விட்டாள். மறுபடி இழுத்தாள்.

"தாளைப் பார்த்துத்தான் ஒட்டினேன்னு சொல்றாரே, நிஜம். ஆறும் ஒன்பதும் ஒரே மாதிரி இருக்கும்னுதான், எல்லாத் தாள்லயும் மேல் ஓரத்துல ஒரு அம்புக்குறி போட்டு அடிச்சேன். எது மேல்பக்கம்னு தெரியறதுக்கு. நேத்துக் காலையில தாளையெல்லாம் சுருட்டி அட்டைக் குழாய்க்குள்ள போட்டீங்க. ரெண்டு விரல் நீளம் வெளியே நின்னுச்சு. மூடி மாட்ட முடியல. இந்த வெள்ளை ஓரம் எதுக்கு வெட்டியா இருக்குன்னு சொல்லிட்டு..."

அக்காவின் புருவம் மெல்ல மேலே போனது, எதையோ கையில் பிடித்துப் பார்ப்பதுபோல விரல்கள் லேசாக அசைந்தன.

புள்ளி ஒருதரம் ஏணியைப் பார்த்தாள். பிறகு அக்காவின் முகத்தை நேராகப் பார்த்தாள்.

"அம்புக்குறியை வெட்டினது நீங்கதான் அக்கா. நான் பக்கத்துல நின்னு பார்த்துக்கிட்டே இருந்தேன்."